எந்தத் தட்டில் உங்கள் செல்கள், அத்தை?

என் பிரியத்துக்குரிய அத்தைக்கு,

கரிக்கலாம்பாக்கம் வயலில் நடவு முடிந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் நடவுக்கு ஆள் சேர்க்கவே மாமாவுக்கு ஒரு வாரம் ஆனது.

கல்யாணமான புதிதில், இன்னும் என்ன ஆராய்ச்சிப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, “அவ முடிக்கட்டும்” என்று ஒரே பேச்சில் அவர்கள் வாயை அடைத்தவர் நீங்கள். நான் வில்லியனூர் பஸ்ஸுக்கு ஓடும்போது டப்பாவில் சோறு தயாராக இருக்கும். முதுகு வலிக்கிறது என்று நீங்கள் சொன்னபோது நான் என்ன செய்தேன்? களை எடுத்த வலி என்று தைலம் தேய்த்தேன். இரத்தக்குழாயைப் பற்றியே படிக்கிறவளுக்கு, பெருந்தமனி வீங்கியிருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை?

ஆபரேஷனுக்கு முதல் நாள், வீங்கிய குழாயில் வெட்டியெடுக்கும் துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று டாக்டர் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

“இன்னாத்துக்கும்மா அது?”

குழாய்ச் சுவரில் இருக்கும் தசை செல்கள்தான் கொலாஜன் என்ற நாரைச் செய்து சுவருக்கு வலு தருகின்றன என்றேன். அழற்சி வந்தால் சில சமிக்ஞைகள் அந்த வேலையைக் குறைத்துவிடும், சுவர் மெலிந்து புடைக்கும் என்றேன்.

“எடுத்துக்கினு போவட்டும். நீ மட்டும் பாதியில வுட்டுடாத.”

கையெழுத்துப் போட்டீர்கள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்தும் நான் லேபுக்குப் போகவில்லை. உங்கள் மகன்தான் நீங்கள் சொன்னதை நினைவூட்டி, வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

போன வாரம் ஒன்று தெரிந்தது. பலர் தந்த துண்டுகளிலிருந்து எடுத்த செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறோம்; இன்டர்ஃபெரான் என்ற அழற்சிச் சமிக்ஞையைச் சேர்த்ததும் அவற்றில் கொலாஜன் குறைந்தது. அதைக் கழுவி எடுத்ததும் செல்கள் மறுபடி கொலாஜன் செய்யத் தொடங்கின. அவை சாகவில்லை அத்தை, வேலையை நிறுத்தி வைத்திருந்தன, அவ்வளவுதான். மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். தட்டுகளில் எண் மட்டும் உண்டு, பெயர் கிடையாது. உங்களுடையவை எதில் இருந்தன? நான் கேட்கவும் கூடாது. எல்லாத் தட்டுகளுக்கும் சேர்த்து மனசுக்குள் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த வியாதி கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம். பாகூரில் இருக்கும் உங்கள் தங்கை ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்கிறார். பயம். திங்கட்கிழமை நானே போய்க் கூட்டிப் போகிறேன். டாக்டர் அறை வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து கிளம்பினாலும் விடமாட்டேன்.

நீங்கள் படிக்கவைத்த மருமகள்,
செல்வி