பகேரியா மாளிகையின் பின்வாசல்

1996 ஒக்டோபர் 10, வியாழன் இரவு

தங்கச்சி தூங்கிவிட்டாள். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

ஜெர்மனியிலிருந்து இத்தாலிக்கு என்னைப் பார்க்க வந்தவளுக்கு செஃபலு, சிராக்கூசா என்று கடலோர ஊரெல்லாம் பார்க்க ஆசை. எனக்கு வியாழன் பின்னேரம் மட்டும்தான் லீவு. பக்கத்திலிருக்கிற பகேரியாவுக்கு ரயிலில் கூட்டிப் போனேன். அங்கே பழைய பிரபுக்களின் மாளிகை ஒன்றைச் சனத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

உள்ளே போக ரிக்கெற் எடுத்தோம். எல்லோரும் முன்பக்கப் பெரிய படிகளில் ஏறினார்கள். என் கால்கள் சுவரோரமாக நடந்து, வேலைக்காரர் போகிற பின்வாசலில் போய் நின்றன. சப்பாத்தைத் துடைத்துவிட்டு மணியையும் அடித்துவிட்டேன்.

"ஏனக்கா இஞ்சாலை வாறாய்? சனமெல்லாம் அங்காலை எல்லோ போகுது" என்றபடி தங்கச்சி பின்னால் ஓடி வந்தாள்.

கதவு திறந்தது. காவலாளி என் கையிலிருந்த ரிக்கெற்றைப் பார்த்தான். "சிஞ்ஞோரா, வாசல் முன்பக்கம்" என்று இத்தாலியனில் மரியாதையாகச் சொன்னான்.

சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுவது லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்கிற வீட்டு அம்மாவை. வழிவிட்டு ஒதுங்கி, எனக்குப் பின்னால் எந்தச் சிஞ்ஞோரா வருகிறா என்று திரும்பிப் பார்த்தேன்.

தங்கச்சி மட்டும்தான் நின்றாள். அவள் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.