முக்காட்டுக்கு விலை தொண்ணூத்தொண்ணு

மார்ச் 3, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். காத்து பொட்டு இல்ல. சஹர் சோத்துக்கு எந்திரிச்சவ, திரும்பப் படுக்கல. மல்லிகைப்பூ வச்ச முக்காடு முடிச்சு கேம்ல ஏத்தியாச்சு. கலர் நாலு. வெள்ளை, ரோஸ், கிளிப்பச்சை, கத்தரிப்பூ. கத்தரிப்பூ சரியா வரல, இருந்தாலும் போட்டேன். பெருநாள் வருது, பிள்ளைக எதையும் வாங்குங்க.

மாமி இன்னைக்கும் கேட்டாக, பொம்மைக்குச் சட்டை போட்டா எவ காசு தருவான்னு. பொம்மை இல்ல மாமி, கேம் விளையாடுற பிள்ளைக ஆளுக்கொரு உருவம் வச்சிருக்குங்க, அதுக்கு உடுப்புன்னேன். துணியே இல்லாத உடுப்பான்னு ஒரு சிரிப்பு. சிரிக்கட்டும். எம் மக ஷிஃபா போன்ல விளையாடுறதைப் பாத்தப்ப நானும் அப்படித்தான் சிரிச்சேன்.

மச்சான் மண்டபத்துல நண்டு லோடு இறக்கிட்டு மத்தியானம் லுஹர் தொழுகைக்கு வந்தாக. ஏஜெண்ட் திரும்பவும் போன் போட்டானாம். துபாய்ல ட்ரெய்லர் ஓட்ட ஆள் வேணும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முந்தி பாஸ்போர்ட் அவன் கைக்கு வரணும். இவுக முன்ன அங்க இருந்தப்ப எடுத்த ஹெவி லைசென்ஸ் இன்னும் செல்லுது, அதான் விடாமப் பிடிக்கிறான். சோத்துக் கையக் கழுவுற மாதிரி ரொம்ப நேரம் கையக் கழுவிக்கிட்டே நின்னாக, நோன்பு நாள்ல. அப்புறம் கேட்டாக.

"நீ கேம்ல மாசம் பதினஞ்சாயிரம் வரும்ன. நிசமா வந்தா நான் ஏன் போறேன்?"

நிசமா வரும்னுட்டேன்.

வாங்கணும்: ரவை, புதினா, ஷிஃபாவுக்கு ரப்பர் பேண்ட், மோட்டாருக்கு வாஷர்.

மார்ச் 4, புதன்

நோன்புக் கஞ்சி இன்னைக்கு நல்ல கெட்டி. பள்ளிவாசல்ல காச்சுற ஆளை மாத்திட்டாக போல.

கேம்ல வித்த காயின் சில வாரம் பெண்டிங்ல கிடந்துட்டுத்தான் நம்ம கணக்குக்கு வரும். போன மாசம் வித்த முக்காட்டுக்கு மொதல் தடவையா இன்னைக்கு வந்துச்சு. வந்ததைப் பாத்து ஏதோ கோளாறுன்னு நினைச்சு மூடித் திறந்தேன். கோளாறு என்கிட்டத்தான்.

எனக்கு ஒரு முக்காட்டுக்கு எழுபது காயின் நிக்கணும். கேம் கம்பெனி நூத்துக்கு முப்பது எடுக்கும். அதனால எழுபதுக்கு முப்பது சதவீதம் இருபத்தொண்ணு, அதை மேல ஏத்தி தொண்ணூத்தொண்ணுன்னு விலை போட்டேன். எங்க வாப்பா நண்டுக் கொட்டகையில அப்படித்தான். கரை விலைக்கு மேல தரகு ஏத்தி நண்டுக் கம்பெனிக்குப் போடுவாக, ஏத்துனது அப்படியே கையில நிக்கும். நான் அந்தக் கொட்டகையில தராசு பக்கத்துல வளந்தவ, வேற மாதிரி யோசிக்கவே தோணல. ஆனா கேம்காரன் எடுக்கிற முப்பது என் எழுபதுல இல்ல, தொண்ணூத்தொண்ணுல. போனது இருபத்தேழு, நின்னது அறுபத்திநாலு. எழுபது நிக்கணும்னா நூறு போட்டிருக்கணும். கூறுகெட்டவ.

அது சின்ன ஓட்டை. பெருசு அடுத்தது. பிள்ளைக காயின் வாங்குற ரேட்டை வச்சு நான் ரூபாய்க்குக் கணக்குப் போட்டேன். கம்பெனி நம்மகிட்ட இருந்து காயினைத் திரும்ப எடுக்கிற ரேட் அதுல பாதிகூட இல்ல. பதினஞ்சாயிரம்னு சொன்னது ஆறாயிரம் தேறுனா பெரிய விசயம்.

இதை இவுககிட்ட எப்படிச் சொல்ல.

மார்ச் 5, வியாழன்

விலையை நூறாக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல மலேசியாவுல இருந்து ஒரு பொண்ணு மெசேஜ். "அக்கா நேத்து 91 இன்னிக்கு 100, பெருநாள் வருதுன்னு ஏத்திட்டீங்களா." மத்தியானம் வரை ஒண்ணுகூட ஓடல. சாயந்தரம் ரெண்டு.

ரவை வாங்க மறந்துட்டாக. வாஷர் மட்டும் வந்துச்சு.

நோன்பு திறந்துட்டு மாமி தொழுகப் போனதும் இவுககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். தாள்ல எழுதியே காமிச்சேன். கத்துவாகன்னு நினைச்சேன். கத்தல. கஞ்சிக் கிண்ணத்தை வழிச்சுக் குடிச்சுட்டு, சரி அப்ப போக வேண்டியதுதான்னாக. அதுக்குக் கத்தியிருக்கலாம்.

கிண்ணத்தைக் கழுவி வச்சுட்டு வந்து கேட்டாக, "நீ என்ன சொல்ற, போகவா, வேணாமா?"

போக வேணாம். அதான் பதில். வாய்ல வரல. போன தடவை ரெண்டு வருசம். ஷிஃபா மொத மொதல்ல நடந்ததை போன்லதான் பாத்தாக. இங்கன திரும்ப வந்தப்ப அது இவுக மடியில உக்கார ஒரு மாசம் ஆச்சு. எனக்கும் ஆச்சு, அதை யார்கிட்ட சொல்ல. ஆனா நான் வேணாம்னு சொல்லி, நாளைக்கு வீட்டு லோனுக்கு முடையானா, இவ பேச்சைக் கேட்டுத்தானேன்னு ஒரு வார்த்தை வரும். இவுக சொல்ல மாட்டாக. மாமி சொல்வாக.

அதனால, அந்த வேலையையும் இதே மாதிரி கணக்குப் போட்டுப் பாப்போம் மச்சான்னேன்.

ஏஜெண்ட் சொல்ற சம்பளம் நம்ம ரூபாய்க்கு நாப்பத்தஞ்சாயிரம். அவன் கமிஷன், ரூம் வாடகை, சாப்பாடு, அங்கன போனுக்கு. நூத்துக்கு முப்பது சுளையாப் போயிரும். வீட்டுக்கு வாரது முப்பத்தொண்ணு சொச்சம். இங்க லோடு வண்டியிலயே கிட்டத்தட்ட அது வருது. நமக்கு வீட்டுல நாப்பத்திரெண்டு வந்து நின்னாத்தான் போறதுல அர்த்தம். அப்ப கேட்க வேண்டியது அறுபது.

இவுக தாளையே பாத்துக்கிட்டு இருந்தாக. நான் போன தடவை அவன் சொன்ன சம்பளத்துக்குத் தலையாட்டிட்டுத்தான் பிளேன் ஏறினேன்னாக. முகத்துல ஒரு தெளிச்சி.

அறுபது வேணாம், எழுபது கேளுங்கன்னேன். ஏன் எழுபதுன்னாக. பேரம் பேசுவான், குறைக்க இடம் வேணும்லன்னேன்.

பேரத்துக்கு இல்ல. எழுபது எவனும் தர மாட்டான். அதான் சொன்னேன். இங்கன மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்குது. இவுக வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்ல பாஸ்போர்ட். எழுபதுன்னா குடுப்பேன், இல்லாட்டி திருப்பிக் கொண்டாந்துருவேன்னு சொல்லிட்டுப் போனாக. ஜும்மா முடிஞ்சு வந்ததும் கேட்டேன். ஏஜெண்ட் சிரிச்சானாம். எழுபது வாங்குற டிரைவர் அங்கயே பொறந்தவனா இருக்கணும்னானாம். கம்பெனிக்காரனைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டான்.

சிரிச்சான்னு சொன்னதும் எனக்கு உடம்பே லேசாச்சு. நோன்பு திறக்க சமோசா பொரிச்சேன், மாமிக்குப் பிடிச்ச உள்ளடம் வச்சு. மாமி என்னைய ஒரு மாதிரி பாத்தாக.

முக்காடு: ஒன்பது ஓடிருக்கு, எல்லாம் நூறுல. கத்தரிப்பூவும் ஒண்ணு.

மார்ச் 7, சனி

மலேசியாப் பொண்ணு வாங்கிட்டா. வாங்கிட்டு, "அழகா இருக்கு அக்கா"ன்னு ஒரு மெசேஜ். திருட்டுப் பிள்ளை.

பயந்த அளவுக்கு ஒண்ணுமில்ல. தொண்ணூத்தொண்ணுல ஓடுன மாதிரியேதான் நூறுலயும் ஓடுது. இத்தனை நாள் கம்மியா வித்தது நானாப் பயந்து வித்தது. அடுத்து பெருநாள் கவுன், அதை நூத்தியம்பதுக்குக் கீழ போடுறதில்ல. கிளிப்பச்சைக்கு ஒரு கை வளவி செட்டும் பண்ணலாம்.

இவுக ஷிஃபாவைக் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, கால் பூரா மண்ணோட வீட்டுக்குள்ள விட்டாக. ரெண்டு பேரையும் வஞ்சேன். லோடு வண்டியை சொந்தமா எடுக்கலாமான்னு மாமிகிட்ட பேசிக்கிட்டு இருந்தாக. அடுப்படியில இருந்து காதை அங்கனயே வச்சிருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

காத்து திரும்பிருக்கு. துணி சீக்கிரம் காஞ்சுது.

சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பெறகு ஏஜெண்ட் போன். இவுக வாசல்ல நின்னு பேசுனாக, சரி சரின்னு மட்டும் கேட்டுச்சு. உள்ள வந்து சிரிச்ச முகமாச் சொன்னாக. கம்பெனிக்கு ஆள் அவசரமாம். எழுபதுக்குச் சம்மதம். பெருநாளைக்கு மறுவாரம் டிக்கெட்.

உன் கணக்குதான் புள்ளன்னு என் தலையில கை வச்சாக. மாமி அல்ஹம்துலில்லாஹ்னாக. நானும் சொன்னேன்.

நூறுன்னு சொல்லியிருக்கணும்.