கிண்ணத்தின் நசுங்கல்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் கூடத்துத் தங்கக் கிண்ணத்தின் அட்டை பொய் சொல்கிறது. 'அகழாய்வில் கிடைத்தது. விளிம்பிலுள்ள நசுங்கல், ஈமச் சடங்கின்போது பூசாரி வேண்டுமென்றே உண்டாக்கியது.' அகழாய்வும் இல்லை, பூசாரியும் இல்லை. பதினேழு வருஷத்துக்கு முன் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிய என் அம்மாவின் மண்வெட்டி பட்டு நசுங்கியது அது.

எனக்கே நேற்றுச் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. அருங்காட்சியகத்தில் கண்ணாடி துடைக்கச் சேர்ந்து மூன்று மாதம். பேச்சுவாக்கில் அட்டையை ஒப்பித்தேன். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

"பூசாரியா? நான்டி அது! நங்குன்னு ஒரு சத்தம். குனிஞ்சு எடுத்தேன், மேஸ்திரி புடுங்கிட்டு தாலுகா ஆபீசுக்கு ஓடிட்டாரு."

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"சேதம் பண்ணவ நீதானேன்னு புடிச்சு உள்ள போட்டா? நீ அப்போ ஒண்ணாங்கிளாஸ்."

மார்ச் 6, வியாழன்

மற்றப் பெட்டிகளுக்கு ஒரு நிமிடம் போதும். கிண்ணத்தின் கண்ணாடிக்கு ஐந்து. மேலே பெரியவர்களின் நெற்றி, கீழே பிள்ளைகளின் மூக்கு, நடுவில் உள்ளங்கைகள். அதே பள்ளத்தில் கிடைத்த மண்சட்டி பக்கத்துப் பெட்டியில்தான் இருக்கிறது. அதில் ஒரு விரல் ரேகைகூடக் கிடையாது. அதில்தான் எவளோ தினமும் சமைத்திருப்பாள். யாருக்கு வேணும்?

எரிச்சலோடு துடைத்து முடித்தேன். பிறகு நானும் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அத்தனை காலம் சேற்றில் கிடந்தும், இப்போதுதான் கழுவிக் கவிழ்த்த மாதிரி. சொக்கத்தான் வைக்கிறது, சனியன்.

மார்ச் 7, வெள்ளி

அட்டைகளை எழுதுகிற காப்பாட்சியரிடம் சொல்லிவிட்டேன்.

"ஆதாரம் இருக்காம்மா? வீட்ல சொன்னாங்கன்னெல்லாம் எழுத முடியாது."

பூசாரி மட்டும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டாரா?

மார்ச் 9, ஞாயிறு

அம்மா கட்டிலுக்கடியில் தவழ்ந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்தாள். மண்வெட்டி! சொந்த மண்வெட்டி இருந்தால்தான் அந்த வேலையில் சேர்ப்பார்களாம். பயத்தில் அன்றைக்கே சுற்றி ஒளித்துவிட்டாள். பதினேழு வருஷம் அதன் மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

"ஆதாரம்தானே கேட்டாரு? செவ்வாய்க்கிழமை நானே வரேன்."

எனக்குத்தான் உதறல். ஒப்பந்த வேலை, எப்போது வேண்டுமானாலும் சீட்டு கிழியும். அம்மாவை நிஜமாகவே பிடித்துவிட்டால்?

"புடிக்கட்டும்டி. எவனோ ஒரு பூசாரிக்குத் தாரை வாக்க நான் என்ன இளிச்சவாயா?"

மார்ச் 11, செவ்வாய்

வாசல் காவலரை எல்லோரும் கொட்டாவி அண்ணன் என்போம். சாக்கைப் பிரித்ததும் கொட்டாவி பாதியில் நின்றது.

"இன்னும் தோண்ட ஏதாவது பாக்கியிருக்காக்கா?"

"இருந்தா உன்னைக் கூப்பிடறேன் தம்பி."

காப்பாட்சியர் மண்வெட்டியைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். மண்வெட்டியின் ஒரு மூலை உடைந்து, பல் போன வாய் மாதிரி. இரண்டு பக்கமும் கூர் முனை. நசுங்கலிலும் அதே இடைவெளியில் இரண்டு கீறல்கள். அளவுகோல் வைத்தார். மறுபடியும் வைத்தார். காது சிவந்துவிட்டது.

"சேதாரத்துக்கு என்னைப் புடிப்பீங்களா சார்?"

"அதெல்லாம் இல்லம்மா."

அம்மா மூச்சை விட்டாள். என் பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை ஒரு தாளில் எழுதி அவர் கையில் திணித்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டாள்.

"என்னமா மின்னுது! அன்னிக்குச் சரியாவே பாக்கல."

மார்ச் 12, புதன்

அட்டையை எடுத்துவிட்டார்கள். நான்கு பசைப் பொட்டுகள் மட்டும். அம்மாவின் கைத்தடத்தை நான் துடைக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இன்னும் அதே நான்கு பொட்டுகள்.

அம்மா ஞாயிறு தவறாமல் வருகிறாள். வேடிக்கை பார்ப்பவர்களை நிறுத்தி, 'நங்' வரைக்கும் நடித்துக் காட்டுகிறாள். கை தட்டுகிறார்கள். மண்சட்டியையும் விடுவதில்லை: "இதையும் பாருங்க. மேஸ்திரி அந்தப் பக்கம் ஓடினப்புறம், ஒரு கீறல் படாம எடுத்தவ நான்." இப்போது அந்தக் கண்ணாடியிலும் மூக்குத் தடங்கள். எனக்கு வேலை கூடிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வெட்கம்.

மாலையில் காப்பாட்சியர் அந்த வழியாக வந்தார். அம்மா மறித்துக்கொண்டாள்.

"சார், பேர் எழுதிக் குடுத்து மூணு வாரமாகப் போகுது. எப்போ ஒட்டுவீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.