தகப்பன் கையெழுத்து

பெருங்களத்தூர்
14.6.1986

அன்பு மச்சான் அப்பாதுரை,

பஞ்சாயத்து யூனியன் சேர்மன் நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன். மற்றபடி நலம். காலேஜில் உன் நோட்டைப் பார்த்துப் பாஸ் பண்ணியவன், இப்போது உன் பேச்சைப் படித்து எலெக்‌ஷனில் ஜெயித்திருக்கிறேன்.

இன்னொரு பேச்சு வேண்டும். போன வாரம் ஒரு சித்தாள் பெண், நாலு பிள்ளைக்காரி, வயிற்றில் இருந்ததைக் கலைக்கக் குச்சி வைத்துச் செத்துப்போனாள். முந்தின புதன்கிழமைதான் நம் யூனியன் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். புருஷன் கையெழுத்து இல்லை என்று கிளார்க் திருப்பி அனுப்பிவிட்டான். "குடிச்சிட்டு எங்க வுழுந்துகீறானோ, அவன் கையெழுத்துக்கு நான் எங்க சார் போவேன்?" என்று கேட்டாளாம். அங்கே இருக்கும் டாக்டர் பாலாம்பாள் சட்டப் புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினார். பதினெட்டு வயது முடிந்தவளுக்கு அவள் கையெழுத்தே போதுமாம். இனி நம் ஆஸ்பத்திரியில் அப்படித்தான். எழுதிக் கொடு.

தங்கச்சி எல்லம்மாவுக்கும் மகள் சரசுவுக்கும் என் அன்பு.

உன்
ஏகநாதன்


சிட்லபாக்கம்
3.10.1988

ஏகநாதனுக்கு,

'அவள் உடம்புக்கு அவள் கையெழுத்து' என்று உனக்கு எழுதிக் கொடுத்தவன் நான். நீ அதைச் சுவரெல்லாம் எழுத வைத்தாய். என் வீட்டிலும் ஒருத்தி அதைப் படித்திருக்கிறாள்.

எல்லம்மா போன மாதம் ஒரு புதன்கிழமை உன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "முப்பத்தெட்டு வயசுல இன்னொண்ணு வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன். நீங்க காதுலயே வாங்கலை" என்கிறாள். பையனாக இருந்திருக்கலாம்.

எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஸ்ரீரங்கனுக்குப் போனது. உன் அப்பா நிலத்தில் நாற்று நட்டவரின் மகனுக்கு இதெல்லாம் புதிதில்லை என்று விழுங்கிக்கொண்டேன். இதை விழுங்க முடியவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டுக்கு உப்பு வேண்டுமென்றாலும் சரசுவிடம்தான் சொல்லி அனுப்புகிறேன். கணவனை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லாத ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி?

அப்பாதுரை


பெருங்களத்தூர்
8.1.1990

வாத்தியார் மச்சானுக்கு,

எல்லம்மாவோடு பேசவில்லை, சரி. என்னோடும் ஏன் பேசவில்லை? பொங்கலுக்கு வீட்டுக்கு வா.

அடுத்த தேர்தலில் சட்டசபைக்கு எனக்கு சீட் கிடைக்கும் போலிருக்கிறது. அதற்குள் கோயில் தர்மகர்த்தாக்களும் சர்ச் பெரியவர்களும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒன்றாக வந்தது இதுதான் முதல் தடவை. "எங்க வூட்டுப் பொண்ணுங்க கெட்டுப்போறதுக்கு உங்க ஆஸ்பத்திரிதான், சேர்மன், தைரியம் குடுக்குது" என்றார்கள்.

ஆகவே ஒரு தீர்மானம். கல்யாணமானவள் என்றால் கணவன் கையெழுத்து, ஆகாதவள் என்றால் தகப்பன் கையெழுத்து. சட்டத்துக்கு விரோதம் என்று பாலாம்பாள் குதிக்கிறார். யார் கேஸ் போடப் போகிறார்கள்? நீ கேட்டதுதானே, உன் கையாலேயே எழுதிக் கொடு.

உன்
ஏகநாதன்


சிட்லபாக்கம்
21.1.1990

அன்புள்ள ஏகநாதன்,

தீர்மானமும் கையெழுத்துப் படிவமும் இத்துடன். அந்தப் பழைய பேச்சுக்கு மூன்று நாள் பிடித்தது. இது ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது.

இரண்டையும் சரசுதான் டைப் அடித்துக் கொடுத்தாள். தாம்பரத்தில் கிளாஸுக்குப் போய் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருக்கிறாள். ஒரு பிழை இல்லை. "படிச்சுப் பார்த்தியாம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "டைப் அடிக்கும்போது படிக்கக் கூடாதுப்பா, வேகம் குறைஞ்சிடும்" என்றாள்.

எல்லம்மா சமையலறையில் இருந்தாள். அவள் காதில் விழும்படி உரக்க ஒரு முறை படித்தேன். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்பாதுரை


சிட்லபாக்கம்
29.11.1990

யூனியன் சேர்மன் அவர்களுக்கு,

சரசுவுக்கு மாலை போட வந்தீர்கள். அத்தனை பேர் நடுவில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. என் மகளைக் கல்யாணம் செய்துகொள்வதாக ஒருவன் ஏமாற்றியிருக்கிறான். அனகாபுத்தூரில் எவளோ ஒருத்தி ஒரு சந்து வீட்டில் வைத்துக் கலைத்திருக்கிறாள். மூன்று நாள் ஜுரம், பிறகு ஜன்னி. கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில்தான் டாக்டர் எனக்கு உண்மையைச் சொன்னார். பத்தொன்பது வயது.

உங்கள் ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஓட்டு வேண்டுமென்றபோது பெண்களுக்காகப் பேசினீர்கள். சீட் வேண்டுமென்றபோது அதே பெண்களை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தீர்கள். என் மகளைக் கொன்றவர் நீங்கள்.

அப்பாதுரை


பெருங்களத்தூர்
6.12.1990

அப்பாதுரை,

இதைச் சொல்லாமலே போய்விடலாம் என்றிருந்தேன். நீ விடவில்லை.

நவம்பர் ஐந்தாம் தேதி சரசு என் வீட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். "ஒரு கையெழுத்துதானேம்மா, அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"வேணாம் மாமா. அம்மாகிட்ட ரெண்டு வருஷமா பேசலை. அதுக்காவது சொல்லி அனுப்ப நான் இருக்கேன். என்கிட்டயும் பேச மாட்டேன்னுட்டா யார்கிட்ட சொல்லி அனுப்புவாரு?"

நான் பாலாம்பாளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. என் தீர்மானத்தை நானே மீறினேன் என்று வெளியே தெரிந்தால் சீட் போய்விடும் என்ற பயம். படிவத்தைக் கையில் கொடுத்து, "எப்படியாவது வாங்கிக்கினு வாம்மா" என்று அனுப்பினேன். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இதுல இருக்கிறது எனக்கு மனப்பாடம் மாமா" என்றாள்.

கொன்றவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனியாகக் கொல்லவில்லை.

ஏகநாதன்


சிட்லபாக்கம்
2.1.1991

ஏகநாதன்,

உன் கடிதத்தை எல்லம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசியது அதுதான். முழுக்கக் கேட்டுவிட்டு, "தெரியும். அனகாபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்" என்றாள்.

பிறகு கேட்டாள்: "அவ அந்தக் காகிதத்தை உங்ககிட்ட நீட்டியிருந்தா, போட்டிருப்பீங்களா?"

போட்டிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் எழுந்துபோனாள். மறுநாள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. வீட்டில் இப்போது பேசுவதற்கும் ஆள் இல்லை, பேசாமலிருப்பதற்கும் ஆள் இல்லை.

சரசுவின் டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் நீ கொடுத்த படிவம் இருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் என் கையெழுத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், பதினோரு முறை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுடைய ரேங்க் கார்டில் நான் போட்டுக் கொடுத்த கையெழுத்து. கடைசி இரண்டும் அச்சு அசல், நானே ஏமாந்திருப்பேன். ஆனால் முன்பக்கம், போட வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பொய்யாகப் போட அவளுக்குக் கை வரவில்லை. அப்படித்தான் வளர்த்திருந்தேன்.

அந்த இடத்தில் இன்று பேனாவால் நான் போட்டிருக்கிறேன். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஆஸ்பத்திரிக் கிளார்க்கிடம் கொடு. தகப்பன் சம்மதித்துவிட்டான் என்று சொல்.

பதில் எழுதாதே. இந்தக் கடிதத்தின் கீழே என் கையெழுத்தைத் தேடாதே. நான் போட வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.