சலவை சோப்புத் தாலாட்டு

நவ. 8, சனி. தூறல்.
பொய் சொல்லிவிட்டேன். அதுவும் பாடி.

மகள் நிலாவின் பியானோ டீச்சர் லின், தைவான்காரர். தம் நாட்டவர் குழந்தைகளுக்கென்று எழுதிய குட்டிக் குட்டிப் பாட்டுகளை விரும்பிச் சொல்லிக்கொடுப்பார். மழை, மின்மினி, தாலாட்டு. சின்ன வயதில் என் விரலுக்கு ஐரோப்பிய இசை மட்டும்தான் தெரியும், இதையெல்லாம் நாற்பதில்தான் வாசித்தேன், அழுதேன் என்பார். இன்று புது உத்தரவு: கச்சேரிக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுத் தாலாட்டு ஒன்று கொண்டுவர வேண்டும். பியானோவுக்கு அவர் எழுதித் தருவார்.

அம்மா எனக்குப் பாடியது? ஒரு வரி நினைவில்லை. போன வருடம் அவளும் போய்விட்டாள். பக்கத்தில் நிலா, ஆவலாக. என் வாயில் வந்தது பழைய ரேடியோ விளம்பரம். சலவை சோப்பு. கண்ணை மூடி, இழுத்து இழுத்துப் பாடினேன். பரம்பரைப் பாட்டு என்றேன். லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலால் எழுதினார்.

வாங்க: பால், கொத்தமல்லி, வெட்கம் (வீட்டில் இருப்பு இல்லை).

நவ. 13, வியாழன். காற்று.
நான் சொல்லாமலே நிலா அதைத் தினமும் வாசிக்கிறாள். இடது கை தொட்டில் மாதிரி ஆடுகிறது. "பாட்டி உனக்குப் பாடுனதா இது?" தமிழில் கேட்டாள். தமிழில்!
"ஆமாடா கண்ணு."
எனக்கு எண்ணெய்க் கொப்பரை நிச்சயம்.

மதியம் கடைக்குப் போனால், பக்குரங்கா பிளாசாவில் சுலோ. ஃபிஜிக்காரி, அவள் மகளும் லினிடம்தான். என் வாய் சும்மா இருக்குமா. சிரித்ததில் இருவருக்கும் புரையேறியது. யாரிடமும் சொல்லாதே என்றேன். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் கதியை நினைத்திருக்க வேண்டாமா.

நவ. 16, ஞாயிறு.
நிலாவுக்குத் தெரிந்துவிட்டது. சுலோ மகள் வழியாக.
"வாஷிங் சோப், அம்மா? சீரியஸ்லி?"
லின் டீச்சருக்கு நிஜமாகவே ஒரு தாலாட்டு இருக்கிறது, நமக்கு விளம்பரம்தான் என்றாள், ஆங்கிலத்தில். டீச்சர் எழுதித் தந்த தாள் நான்காகக் கிழிந்து குப்பையில்.
கணவர்: "பேசாம ஒரு சினிமாப் பாட்டைப் பாடித் தொலைச்சிருக்கலாம்ல." உதவியே உதவி.

நவ. 22, சனி. கச்சேரி, ஹில்ஸ்பரோ. மழை.
மற்ற பிள்ளைகள் இரண்டிரண்டு பாட்டு: டீச்சர் சொல்லிக்கொடுத்தது ஒன்று, வீட்டுத் தாலாட்டு ஒன்று. நிலா ஒன்றே ஒன்று: தைவான் தாலாட்டு. அழகாக வாசித்தாள், யார் வீட்டுப் பிள்ளையோ போல.

நவ. 23, ஞாயிறு.
திருச்சிக்கு, அண்ணனுக்கு போன். மானம் போன கதையை ரசித்து ரசித்துச் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை.
"அடி லூசு, அம்மா உனக்கு அதைத்தானே பாடுவா. சோப்பு பேரு வர்ற இடத்துல உன் பேரப் போட்டு."