மாப்பிள்ளையின் தொடையும் என் இடது காலும்

புரட்டாசி, சனிக்கிழமை.

கூலிப் போராட்டத்தால் நடவுக்கு ஆள் வரவில்லை. சின்னக்காவோடு சேர்ந்து அவள் மகன் சேகரும் வாரம் முழுக்கக் குனிந்து சம்பா நட்டான். கல்லூரிக் கால்பந்து அணியில் கோல் போடுகிறவன். நாளை திருவாரூரில் இறுதிப் போட்டி. சாயங்காலம் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, நீங்க கால் முன்னால பொறந்தவராச்சே. நீவி விடுங்க."

அப்படிப் பிறந்தவன் காலால் நீவினால் சுளுக்கு நிற்காது. தாசில்தார் இடுப்பையே நான் நிமிர்த்தியிருக்கிறேன். கேட்கலாமென்றால் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இடது காலால் நீவினேன்.

"பறந்துடுச்சு மாமா!" என்று எழுந்து போனான்.

அடுப்படியிலிருந்து மூத்த அக்கா சிரித்தாள். "ஏன்டா, உனக்குத் தலைதான் முன்னால வந்துச்சு. கூட இருந்த எனக்குத் தெரியாதா?"

நல்லவேளை, அவன் காதில் விழவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தினமும் ஒரே தாவலில் தாண்டும் வாய்க்காலில் இறங்கி, கரையைப் பிடித்து ஏறினான். வலியைச் சொன்னால் கோச் ஆடவிடாமல் உட்கார வைத்துவிடுவார் என்று வந்தபோதே சொல்லியிருந்தான்.

சின்னக்கா சொன்னால் கேட்கமாட்டான். கால் முன்னால் பிறந்த மாமன் "நாளைக்கு ஓடாதே" என்றால் கேட்பான். விடியட்டும்.