கொட்டிய மண்ணில் மூலை அறை

செட்டிகுளம்
ஆவணி 12

அன்புள்ள மகன் தயாபரனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனபடியால் எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவின் சீனி வருத்தம் குறைந்திருக்கிறது, போன கிழமை கிளினிக்கில் பார்த்துச் சொன்னார்கள். நீயும் பிரஷாந்தினியும் பேத்தி ஆதிராவும் சுகமாயிருக்க வேண்டும் என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துகொண்டுதான் பேனையை எடுத்தேன். அம்மனிடம் கேட்டது அது. உன்னிடம் கேட்க இருப்பது வேறு. இதைப் போனில் சொல்லலாம்தானே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தவுடன் கார் ஓடுறன் அம்மா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுகிறாய். கடதாசியை அப்படி வைக்க முடியாது. அதனால் ஆற அமர இருந்து முழுவதையும் வாசி, பிரஷாந்தினிக்கும் வாசித்துக் காட்டு. அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் உன்மேல்தான்.

போன மார்கழி வெள்ளத்தில் நம் பழைய வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்ற படத்தைப் பார்த்து நீ அழுதாய் என்று பிரஷாந்தினி சொன்னாள். அதற்குப் பிறகுதான் மலையடிக் காணியில் மேலே ஏறிக் கட்டுவோம் என்று முடிவெடுத்தாய். நல்ல முடிவு, அதில் நான் குற்றம் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் அதை மலை என்கிறார்கள். நான் பிறந்த இடத்தில் அதை ஒரு மேடு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சரிவு சரிவுதான், தண்ணீர் அதன் உயரத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நீ கனடாவில் ஒரு கூட்டாளியைக் கொண்டு கீறுவித்த பிளானை அனுப்பினாய். வடிவான பிளான். முன்னுக்குப் பெரிய விறாந்தை, அதில் இருந்தால் குளம் தெரிய வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு அறை, பின்னுக்கு ஹோல், குசினி. கீறினவர் மேசையில் கடதாசியை விரித்துவைத்துக் கீறியிருக்கிறார், மேசை சமம், காணி சமமில்லை. மேசன் தவராசாவும் கிளிநொச்சி வயல்வெளிகளில் நூறு வீடு கட்டின மனிதன், கெட்டிக்காரன், ஆனால் வாழ்நாளில் ஒரு வீடு சரிவில் கட்டினதில்லை. பெக்கோ மெஷினைக் கொண்டுவந்து மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் தள்ளி, இரண்டு நாளில் காணியைக் கோயில் முற்றம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். போட்டோவைப் பார்த்து நீயும் சூப்பர் என்று எழுதினாய். வீட்டின் பின்பாதி வெட்டின கெட்டி மண்ணில் இருக்கும், முன்பாதி நேற்றுக் கொட்டின மண்ணில் இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், தவராசாவிடம் சொல்லவும் சொன்னேன். வீட்டைத் திருப்பிப் போடுங்கள், சரிவுக்குக் குறுக்கே நீட்டாக ஒரே வரிசையில் அறைகள் வரட்டும், அப்போது முழு வீடும் கெட்டி மண்ணில் இருக்கும், பின்னால் மேலே ஒரு கான் வெட்டி மலைத் தண்ணீரைச் சுற்றிக் கீழே விடுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, எனக்கென்ன அக்கா, மகனைக் கேட்டுச் சொல்லுறன் என்றார்.

கேட்டார். அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் பிளேன்ரீப் போத்தலோடு மேலே ஏறினபோது அவர் கை முழுக்கச் சீமெந்து. அதனால் போனைக் கல் அடுக்கின்மேல் வைத்து லவுட்ஸ்பீக்கரில் விட்டிருந்தார். நான் வந்தது உனக்குத் தெரியாது. நீ சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். அம்மாவின்ர கதையை விடுங்கோ அண்ணை, அவா லயத்தில பிறந்தவா, அவாக்கு வரிசையா அறை இருந்தாத்தான் வீடு, நான் கனடாவில கிடந்து முறியிறது லயம் கட்டவோ, பிளானில இருக்கிறபடி கட்டுங்கோ. இதுதான் நீ சொன்னது. நாலு வேலையாட்கள் நின்றார்கள். மூன்று பேர் நிலத்தைப் பார்த்தார்கள். நாலாவது ஆள் செல்வராசா, அவருடைய தாய் தகப்பனும் என்னைப் போலத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கலைபட்டு வந்தவர்கள், அவர் தலையில் இருந்த மண் தாச்சியை இறக்கி வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். கைகழுவிவிட்டு வர அவருக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. நான் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் நான் ஒன்றும் பேசவில்லை. உன் கலியாணப் பேச்சு நடந்தபோது அம்மாவும் வவுனியாதான் என்று பெண்வீட்டாருக்குச் சொன்னாயே, அன்றைக்கு விழுங்கினேன். அப்பாவின் சொந்தக்காரர் ஒரு வருஷம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இருந்தார்கள், அதையும் விழுங்கினவள். இதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் பத்தாம் நாள் மத்தியானம் ஒரு மழை பெய்தது, பெரிய மழையும் இல்லை, இரண்டு மணித்தியால மழை. அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்கத்து இடதுபக்க மூலையில் அத்திவாரம் நாலு விரல் இறங்கியிருக்கிறது. மேலே என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு வெடிப்பு. தவராசா வந்து பார்த்துவிட்டு, இது ஒண்டுமில்லை அக்கா, சீமெந்து வச்சுப் பூசினாத் தெரியாது என்றார். தெரியாதுதான், மாரி வரும்வரைக்கும் தெரியாது. எனக்கு அப்போதுதான் தலைக்கு ஏறியது. கீழே போய்ப் பழைய வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த இறங்கின மூலையில் போட்டு, குடையை விரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இனி இதில் ஒரு கல் வைப்பதென்றால் என் மடியில் வைத்துக் கட்டுங்கள் என்று சொன்னேன். மூன்று நாள் இருந்தேன். இரண்டாம் நாள் நீ அப்பாவுக்குப் போன் எடுத்து, அம்மாவைக் கொஞ்சம் அடக்கி வையுங்கோ, ஊர் சிரிக்குது என்று சொன்னாயாம். ஊர் சிரிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் வந்து வெடிப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்பது வருஷமாக எனக்காக ஒரு சொல் சொல்லாத மனிதனிடம் என்னை அடக்கச் சொல்கிறாய்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு ஒரு தங்கை இருந்தாள். பூங்காவனம் என்று பெயர். என் அப்பா தோட்டத்தில் கான் வெட்டுகிறவர், மலையில் எந்தப் பக்கத்தால் தண்ணீர் இறங்கும் என்று மண்ணைப் பார்த்தே சொல்வார். எங்கள் லயத்துக்கு மேலே இருந்த கானும் அவர் வெட்டினதுதான். அந்த வருஷம் லொறி போக ரோட்டு வெட்டினார்கள். வெட்டின மண்ணைக் கொண்டுவந்து அந்தக் கானுக்குள்ளும் லயத்துக்குப் பின்னாலும் கொட்டினார்கள். என் அப்பா கங்காணியிடம் போய், இந்த மண்ணு மழைக்கு நிக்காதுங்க என்று சொன்னார். கான் வெட்டுறவனுக்கு ரோட்டைப் பத்தி என்னா தெரியும் என்று கங்காணி சிரித்தாராம். அதற்குப் பிறகு ஐந்து நாள் மழை. ஆறாம் நாள் காலையில் மழை விட்டுவிட்டது, பெரியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். தங்கச்சிக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை விட்டுவிட்டு அம்மாவும் கொழுந்து பறிக்கப் போனா. எனக்குப் பதினொரு வயது. அவள் தண்ணி தண்ணி என்று கேட்டாள், குடத்தில் தண்ணீர் இல்லை, நான் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனேன். குடம் அரைவாசி நிறைந்தபோது சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கள் காம்பிரா அறையும் பக்கத்து அறையும் இருந்த இடத்தில் மண் மட்டும் கிடந்தது. சமமாக, வடிவாகக் கிடந்தது. தவராசா அனுப்பின போட்டோவில் நீ பார்த்து சூப்பர் என்று எழுதினாயே, அதைப் போலத்தான். இரண்டு வருஷம் கழித்துக் கலவரத்தில் எங்களை அங்கிருந்து கலைத்தார்கள், நாங்கள் இங்கே வந்தோம். அவளை அங்கே விட்டுவிட்டு வந்தோம். இதை உனக்குச் சொன்னால் லயத்துக் கதையும் சேர்ந்து வரும், உனக்கு வெட்கமாயிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடினது பிழை என்று இப்போது தெரிகிறது.

லயத்தில் பிறந்தவளுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்கிற நீ ஒன்றை மறந்துவிட்டாய். சண்டை முடிந்து நாம் முகாமில் இருந்தபோது மழைக்கு முதல் நான் ஒரு தகரத் துண்டால் நம் கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டினேன். பக்கத்துக் கூடாரத்து ஆட்கள், என்ன அக்கா தோட்டம் போடுறியளோ என்று பகிடி பண்ணினார்கள். மழை வந்த அன்று அவர்களுடைய பிள்ளைகளையும் நம் கூடாரத்துக்குள்தான் படுக்க வைத்தோம். நீ அப்போது இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை, நனையாத பாயில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, உங்களுக்கு இது எப்பிடி அம்மா தெரியும் என்று கேட்டாய். நான் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு என் பிறப்பு உனக்குக் குறைவாகத் தெரியவில்லை.

இப்போது நடப்பது என்னவென்றால், மூன்றாம் நாள் பின்னேரம் செல்வராசா கயிறும் முளைக்கட்டைகளும் கொண்டு வந்தார். நானும் அவரும் அளந்து, சரிவுக்குக் குறுக்கே புதிதாக முளை அடித்திருக்கிறோம். விறாந்தை பக்கவாட்டில் வரும், அங்கிருந்தும் உன் குளம் தெரியும், நான் கதிரை போட்டு இருந்து பார்த்துவிட்டேன், அதனால் பயப்படாதே. மேலே கானும் வெட்டினோம். அப்பா இரண்டு நாள் தூர நின்று பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மண்வெட்டியோடு வந்து ஒன்றும் பேசாமல் வெட்டத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை பெய்த மழைத் தண்ணீர் முழுவதும் கானால் சுற்றிப் போய்க் கீழே வாய்க்காலில் விழுந்தது, முளை அடித்த இடத்தில் ஒரு சொட்டும் நிற்கவில்லை. தவராசாவும் வந்து நின்று பார்த்தார், மகன் சொன்னாத்தான் நான் கை வைப்பன் என்கிறார். அவரில் பிழை இல்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற வியாழக்கிழமை, எங்கள் நேரம் காலை பத்து மணிக்குத் தவராசாவுக்குப் போன் எடு. லவுட்ஸ்பீக்கரில் போடச் சொல். அதே நாலு பேரும் அந்தக் கல் அடுக்கடியில் நிற்பார்கள், நானும் தேத்தண்ணீரோடு நிற்பேன். என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, அழாதே, எனக்கு அது வேண்டாம். என்ர அம்மா தேயிலைத் தோட்டத்தில பிறந்தவா, சரிவில எப்பிடி வீடு கட்டுறதெண்டு எங்களில ஒருத்தருக்கும் தெரியாது, அவாக்குத் தெரியும், அவா முளை அடிச்ச இடத்தில கட்டுங்கோ என்று சொல். அந்தப் பேச்சை எந்தச் சத்தத்தில் சொன்னாயோ அதே சத்தத்தில் இதையும் சொல்ல வேண்டும். செல்வராசாவுக்குக் கேட்க வேண்டும். அது வரைக்கும் கதிரை அந்த மூலையில்தான் கிடக்கும். இல்லை, பிளானில் உள்ளபடிதான் கட்டுவேன் என்றால் கட்டு, காசு உன்னுடையது, காணி அப்பாவுடையது, நான் புது வீட்டுக் குடிபூரலுக்கு வரமாட்டேன், கீழே வெள்ளம் வருகிற பழைய வீட்டிலேயே இருப்பேன். வெள்ளம் முழங்காலோடு நின்றுவிடும்.

பிளானை இன்னொருமுறை எடுத்துப் பார். அத்திவாரம் இறங்கின அந்த இடதுபக்க மூலை அறைக்குள் நீ உன் கையால் ரோஸ் பேனையால் ஆதிராவின் அறை என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் கீறியிருக்கிறாய். வருகிற தையில் அவளுக்கு நாலு வயது முடியப்போகிறது. பூங்காவனத்துக்கும் நாலு வயதுதான் தயா.

உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் அம்மன் தரட்டும், பிரஷாந்தினியும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும், எவ்வளவு கோபம் வந்தாலும் முடிக்கும்போது எனக்கு இதுதான் சொல்ல வருகிறது. பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடு, இரண்டு வேலை செய்கிறேன் என்று சாப்பாட்டை விடாதே. ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும், அதற்கு முதல் சுவர் எழும்ப வேண்டும். வியாழக்கிழமை பத்து மணி, மறக்காதே.

இப்படிக்கு,
லயத்தில் பிறந்த உன் அம்மா
சிவலட்சுமி